மூளையில் புள்ளி இருந்தால் மின்சிகிச்சை கூடாதா?

கடந்த ஆண்டு ஆத்தூரில் என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஸ்கேன் படத்துடன் என் வீட்டுக்கு வந்தார். கடும் மனச்சோர்வால் அவருடைய துணைவியார் உண்பதையும் பேசுவதையும் ஏறத்தாழ நிறுத்தியிருந்தார். மாத்திரைகள் பலனளிக்காததால், சேலத்து மனநல மருத்துவர் மின்னதிர்ச்சி சிகிச்சையைப் பரிந்துரைத்தார். அதற்கு முன் எடுத்த ஸ்கேனில், மூளையில் சுண்ணாம்பு படிந்த சிறு புள்ளி ஒன்று தெரிந்தது. "இந்தத் தலையிலா கரண்ட் வைப்பது?" என்று உறவினர்கள் கொதித்தனர். நான் பொருளாதாரம் படித்தவன், மருத்துவன் அல்லன். எனினும், படித்தும் கேட்டும் அறிந்ததை எழுதுகிறேன்.

இத்தகைய புள்ளி பெரும்பாலும் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி மடிந்த தழும்பு. பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் வரும். அசுத்தமான நீர், காய்கறி, கைகள் வழியே புழு முட்டைகள் உடலுக்குள் செல்கின்றன. நம் நாட்டில் வலிப்பு நோய்க்கு இது முக்கியக் காரணம்.

அச்சத்தின் வேர் பழையது. 1938-இல் ரோம் நகரில் தொடங்கிய இச்சிகிச்சை, ஆரம்பத்தில் மயக்க மருந்தின்றியே தரப்பட்டது. முதுகெலும்பு முறிந்தவர்களும் உண்டு. நம் திரைப்படங்கள் இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கின்றன. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இன்றி இதை அளிப்பதை, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 95-ஆவது பிரிவு தடைசெய்கிறது.

உண்மையான ஆபத்து மின்சாரத்தைவிட, அது தூண்டும் வலிப்பில்தான் இருக்கிறது. அந்தச் சில விநாடிகளில் இரத்த அழுத்தமும் மண்டையோட்டுக்குள் அழுத்தமும் உயர்கின்றன. வீக்கத்துடன் கூடிய பெரிய கட்டி இருந்தால் மூளை பிதுங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவேதான் மூளைக்கட்டி என்றாலே இச்சிகிச்சை அறவே கூடாது என ஒரு காலத்தில் கருதப்பட்டது. இன்று அளவு, இடம், வீக்கம், அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். வீக்கமற்ற பழைய சிறு தழும்பு பொதுவாகத் தடையாவதில்லை. மின்முனைகளைத் தழும்பிலிருந்து விலக்கி வைப்பர். இரத்த அழுத்தத்தை மருந்தால் அடக்குவர். வீக்கம் இருப்பின் ஸ்டீராய்டு தருவர். அண்மையில் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தால் தள்ளிப்போடுவர். வலிப்பு மாத்திரை உண்பவரிடம் வேறொரு சிக்கல்: அம்மருந்தே சிகிச்சைக்குத் தேவையான வலிப்பைத் தடுக்கும், திடீரென நிறுத்தினாலோ ஆபத்து.

உறவினர்கள் சிகிச்சையின் அபாயத்தை மட்டும் கணக்கிட்டனர். பட்டினியின் அபாயத்தை எவரும் ஏட்டில் ஏற்றவில்லை. கணக்கில் இத்தவறு செய்யும் மாணவருக்கு நான் மதிப்பெண் தந்ததில்லை.

நரம்பியல் மருத்துவரும் பார்த்த பின், எட்டு அமர்வுகள் நடந்தன. மூன்றாவதற்குப் பின் அம்மையார் தாமே காபி கேட்டார். அந்த மாதம் நடந்த பேத்தியின் காதணி விழா மட்டும் அவர் நினைவில் இல்லை. நண்பர் படங்களைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.