இஞ்சி ரொட்டியால் ஒரு வீடு

காட்டில் வழி தவறிய இரு குழந்தைகள் தின்பண்டத்தாலான வீட்டைக் கண்ட கதையை, ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அக்கதையின் புகழோடு, கிறிஸ்துமஸ் காலத்தில் இஞ்சி ரொட்டியால் சிறு வீடு கட்டும் வழக்கமும் அந்நாட்டில் பரவிற்று. நூரம்பர்க் நகரம் இவ்வகை ரொட்டிக்குப் பெயர் பெற்றது.

நாமும் தலைநகரில் ஒரு மார்கழியில் இதனை முயன்றோம். சுவர்கள் நின்றவுடன் கூரையை ஏற்றினோம். குழந்தைகளின் கண்முன்னரே வீடு சரிந்தது. குற்றம் ரொட்டியிலன்று, நம் அவசரத்திலேயே இருந்தது.

முறை இதுவே. மைதா, வெண்ணெய், தேன் அல்லது வெல்லப்பாகு, சுக்குத்தூள், பட்டை, கிராம்பு சேர்த்துப் பிசைந்த மாவை ஓரிரவு குளிர வைக்க வேண்டும். சோடாவை மிகக் குறைத்தல் நலம். மாவு உப்பிவிட்டால் விளிம்புகள் பொருந்தா. அட்டையில் வெட்டிய அளவுகளை வைத்து, கால் அங்குலக் கனத்தில் மாவை அறுத்துச் சுட்டு, சூடு ஆறுமுன் ஓரங்களை நேராக்குக.

ஒரு முட்டையின் வெண்கருவுடன் ஏறத்தாழ 200 கிராம் பொடித்த சர்க்கரையைக் கெட்டியாகும்வரை அடித்தால் சாந்து ஆயிற்று. அதனை ஈரத்துணியால் மூடி வைக்காவிடின் விரைவில் உலர்ந்துவிடும். சுவர்களைப் படுக்க வைத்தே மிட்டாய்களால் அலங்கரித்து, பின்னர் நிறுத்தி, டம்ளர்களால் முட்டுக் கொடுத்து, சில மணி நேரம் உலர விடுக. அதன் பிறகே கூரை. மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று நகரங்களில் வாழும் அன்பர்கள், ரொட்டியை நன்கு முறுகச் சுடுதல் வேண்டும்.

மறு ஆண்டு நாம் பொறுத்திருந்தோம், வீடு நின்றது. புத்தாண்டன்று முதலில் மறைந்தது புகைபோக்கியே!