நாயின் முழங்காலும் காப்பீட்டு மறுப்பும்

பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற சிறிய நாய்கள் ஓடும்போதே ஒரு பின்னங்காலை மடக்கித் தூக்கி, மூன்று நான்கு எட்டு தத்திவிட்டு, காலை உதறிப் பழையபடி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். விளையாட்டு என்றுதான் தோன்றும். முழங்கால் சில்லு அதன் பள்ளத்திலிருந்து, பெரும்பாலும் உட்பக்கமாக, நழுவுவதால் வருவது அது. மருத்துவர்கள் இதை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். 4-ஆம் தரத்தில் கையால் தள்ளினாலும் சில்லு இடத்துக்குத் திரும்பாது. பள்ளத்தை ஆழப்படுத்தும் அறுவைச் சிகிச்சைக்குக் கணிசமாகச் செலவாகும்.

அந்தச் செலவைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கும்போதுதான் பிரிட்டனில் பலருக்கு மறுப்புக் கடிதம் வருகிறது: 'பாலிசிக்கு முன்பே இருந்த நோய்.' கிளைம் வந்ததும் நிறுவனம் குட்டிப் பருவத்திலிருந்து உள்ள மருத்துவக் குறிப்புகளை வரவழைக்கிறது. என்றோ தடுப்பூசிக்குப் போன நாளில் மருத்துவர் எழுதிய 'இடது பின்னங்கால் லேசான நொண்டல்' என்ற ஒற்றை வரி போதும். நகம் உடைந்து நொண்டியிருக்கலாம். அந்தக் காரணம் குறிப்பில் இருக்காது. இன்னொரு கண்ணியும் உண்டு. பல பாலிசிகள் இரண்டு முழங்கால்களையும் ஒரே நோயாகக் கணக்கிடுகின்றன. இடதில் முன்பே கோளாறு இருந்தால் வலதுக்கும் பணம் கிடையாது.

ஆனால், 'முன்பே இருந்த நோய்' என்ற விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம்தான். எந்தத் தேதிக் குறிப்பை, பாலிசியின் எந்த விதியை வைத்து மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முழுக் குறிப்புகளையும் நீங்களே வாங்கிப் படியுங்கள். அன்று முழங்காலைத் தொட்டுப் பார்த்தாரா, நொண்டலுக்கு என்ன காரணம் என்று மருத்துவரிடம் கடிதம் பெறுங்கள். நடந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். வளைத்து எழுதிய கடிதம் வழக்கைக் கெடுக்கும். விண்ணப்பத்தில் உண்மையை மறைத்தீர்கள் என்று குற்றம் சாட்டினால், 2012-ஆம் ஆண்டு நுகர்வோர் காப்பீட்டுச் சட்டம் உங்களிடம் எதிர்பார்ப்பது, தவறான தகவல் தராதபடி நியாயமான கவனம் எடுப்பதைத்தான். கேள்வி தெளிவாகக் கேட்கப்பட்டதா என்பதும் பார்க்கப்படும்.

கோளாறு கண்டறியப்பட்ட பிறகு பாலிசி எடுத்தவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது.

மற்றவர்கள் முதலில் நிறுவனத்திடமே முறைப்படி புகார் தர வேண்டும். பதில் தர அவர்களுக்கு 8 வாரம் அவகாசம். பதில் வராவிட்டாலோ, வந்தது திருப்தி தராவிட்டாலோ நிதி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. அவர் தரும் இறுதித் தீர்ப்பை நீங்கள் ஏற்றால் நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். நிறுவனத்தின் இறுதிப் பதிலில் உள்ள தேதியை இன்றே குறித்துவையுங்கள்: அதிலிருந்து 6 மாதத்துக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் போய்விட வேண்டும்.