கவனம் சிதறும் பிள்ளையும் சத்து மாத்திரையும்

ஐந்து நிமிடம் ஓரிடத்தில் அமராமலும், தொடங்கிய கணக்கை முடிக்காமலும், நாள்தோறும் எழுதுகோலைத் தொலைத்தும் வரும் பிள்ளையை அறியாத ஆசிரியர் இலர். அத்தகையோர் அனைவரும் நோயாளர் அல்லர். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, வீட்டிலும் பள்ளியிலும் ஒருங்கே, ஆறு திங்கள் நீடித்தால்தான் கவனக் குறைவுக் கோளாறு என மருத்துவர் ஐயுறுவர். அப்பெயரைக் கேட்டதும் பெற்றோர் மருந்துக் கடைக்கு ஓடி, மீனெண்ணெய்க் குளிகையும் துத்தநாக மாத்திரையும் வாங்கி வருவதுண்டு. இவற்றால் பயன் யாது?

மூளையின் உயிரணுச் சவ்வுகளில் ஒமேகா-3 கொழுப்பமிலம் உள்ளது. இக்கோளாறுடைய பிள்ளைகள் சிலரின் குருதியில் அது குறைந்திருப்பதும் உண்மை. ஆகவே மீனெண்ணெய் கொடுத்தால் குறை தீரும் என எண்ணினர். 2011-இல் பத்து ஆய்வுகளில் இடம்பெற்ற 699 பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தபோது சிறு பயன் தென்பட்டது. மருந்து தரும் பயனுக்கு அது ஈடாகாது. 2023-இல் காக்ரேன் அமைப்பு 37 ஆய்வுகளைத் திரட்டி நோக்கியபோது, பெற்றோர் கணித்த கவனக் குறைவில் மீனெண்ணெய் முதலிய கொழுப்பமிலங்களுக்கும் மருந்தற்ற போலிக் குளிகைக்கும் வேறுபாடு காணவில்லை. (நம் சந்தைக் கெம்போங் மீனிலும் இக்கொழுப்பமிலம் உண்டு, விலையும் குறைவு.)

துத்தநாகத்தின் கதை வேறு. 2004-இல் துருக்கியில் 400 பிள்ளைகளை வைத்து ஆய்ந்தனர். நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் துத்தநாக சல்பேட் உண்டவர்களிடம் துடுக்கும் பதற்றச் செயலும் குறைந்தன, கவனமோ வளரவில்லை! உடலில் துத்தநாகம் குறைந்திருந்தவர்களே மிகுதியும் பயன் பெற்றனர். 2011-இல் அமெரிக்காவில் 52 பிள்ளைகளிடம் செய்த சோதனையில் தெளிவான பயன் தெரியவில்லை. நிரம்பிய குடத்தில் நீர் வார்த்தால் வழியுமேயன்றி நிற்குமோ?

இரும்புச் சத்தும் அவ்வாறே. 2008-இல் வெளிவந்த ஒரு சிறு பிரெஞ்சு ஆய்வில், இரும்பு இருப்புக் குறைந்த பிள்ளைகள் பன்னிரண்டு வாரத்தில் ஓரளவு தேறினர். ஆனால் அளவு மீறிய இரும்பு சிறு பிள்ளையின் உயிருக்கே ஊறு செய்யும். 1984-இல் வெளிவந்த ஆய்வொன்றில், பேரளவு உயிர்ச்சத்து உண்ட பிள்ளைகள் பலரின் குருதியில் ஈரல் பாதிப்பின் அறிகுறி தோன்றிற்று, கோளாறோ குறையவில்லை.

மாத்திரையை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவதே இதிற் பெருங்கேடு. ஒரு தவணை வீணானால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிப்பதிற் பின்தங்கிவிடும். பெற்றோர் முதலில் வினவுவது ஆசிரியரையே; குருதிச் சோதனையில் இரும்போ துத்தநாகமோ குறைவு எனத் தெரிந்ததா என்று அவர்களைத் திருப்பிக் கேட்கலாம்.