நெல்லின் கணக்கு – 9: பதினேழு ஏக்கர்

வீரிய ஒட்டு நெல் விளைச்சலைக் கூட்டும் என்பதில் தகராறில்லை. சீனா 1976 முதல் அதைப் பரவலாகப் பயிரிட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994-ல் வெளியிட்ட கோ.ஆர்.ஹெச். 1 ரகத்துக்கு எம்.ஜி.ஆர். பெயரையே வைத்தார்கள். நல்ல சாதாரண ரகத்தைவிட 15 முதல் 20 சதவீதம் கூடுதல் மகசூல் என்பது பொதுக் கணக்கு. உத்தரப்பிரதேசம், பீகார், சத்தீஸ்கர் பக்கமெல்லாம் அது பரவிவிட்டது. குமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஏலாக்களிலோ, அதாவது வயல்வெளிகளிலோ, இன்றும் அம்பை 16-ம் திருப்பதிசாரம் ரகங்களும்தான். விவசாயி புதுமைக்குப் பயப்படுகிறார் என்று இதற்குக் காரணம் சொல்வது சோம்பேறித்தனம். திருப்பதிசாரம் 1 என்பதே ஐ.ஆர். 8-ஐ உள்ளூர்க் கட்டிச்சம்பாவோடு சேர்த்துப் பிறந்தது. அந்தப் புதுமையை இவர்கள் தயங்காமல் ஏற்றார்கள், தட்டில் விழுந்தது தங்களுக்குப் பழகிய தடித்த புழுங்கலரிசி என்பதால். தொடக்ககால ஒட்டு ரகங்கள் பலவற்றுக்குத் தாயான ஐ.ஆர். 58025ஏ வரிசையோ லேசான மணத்தையும் குழைவையும் கொண்டுவந்தது. தென்னிந்தியச் சந்தையில் அதற்கு விலை குறைந்தது. மூட்டை கூடி விலை இறங்கினால் விளைவித்தவனுக்கு என்ன மிச்சம்?

விதைச் செலவும் சும்மா இல்லை. ஒட்டு விதை தயாரிக்கும் வயலில் மகரந்தமில்லாத தாய்ச் செடியின் கதிர் கண்ணாடி இலை உறையை விட்டு முழுசாக வெளியே வராது. ஜிப்ரலிக் அமிலம் தெளித்து அதை வெளியே கொண்டுவர வேண்டும். பூ விரியும் முற்பகலில் இரண்டு பேர் கயிற்றை இழுத்துப்போய் ஆண் வரிசையின் மகரந்தத்தை உதிர்க்க வேண்டும். இந்தக் கைவேலை அத்தனையும் விலையில் ஏறுகிறது. ஹெக்டேருக்கு 60 கிலோவுக்குப் பதில் 20 கிலோ போதும் என்பது ஓரளவு ஈடுகட்டும். ஆனால் அறுத்ததில் விதைக்கு எடுத்துவைக்க முடியாது. கன்னிப்பூப் பருவத்துக்கு ஒருமுறை, கும்பப்பூப் பருவத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்கியாக வேண்டும். இதை அடிமைத்தனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாதாரண விதையையே பலர் வேளாண்மை விரிவாக்க மையத்தில்தான் வாங்குகிறார்கள். வாங்குவதல்ல, விலைதான் பிரச்சினை.

“வயல் சுருங்குகிறது, ஆகவே ஏக்கருக்கு விளைச்சலைக் கூட்டுவதுதானே வழி?” என்பது வலுவான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு ஏக்கரில் பதினேழு போனால் மிச்சம் 83. அதில் 20 சதவீதம் கூடுதலாக விளைந்தாலும் பழைய அளவை எட்டுவதற்குள் மூச்சு முட்டுகிறது. ஒட்டு ரகம் தரக்கூடிய உச்சப் பலன் அவ்வளவே. குமரி மாவட்டம் இழந்தது பதினேழல்ல. வாழை, தென்னை, ரப்பர், வீட்டுமனை, நான்குவழிச் சாலை என்று கடந்த தலைமுறைகளில் நெல் நிலத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. வாழையாவது திரும்ப நெல்லாகும், மனை ஆகாது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை வாங்கித் தேக்கிய குளம் தூர்ந்தால், மிச்ச வயலில் எந்த விதை போட்டும் கடைமடை காயும்.

அரிசியை ஆந்திராவிலிருந்து வாங்கிக்கொள்ளலாமே என்றால், வாங்கலாம்தான், அங்கே மழை தவறாத வரை. ஒட்டு ரகத்தை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. தடித்த மணியும் புழுங்கலுக்கான குணமும் கொண்ட தாய் வரிசையை இந்த மண்ணிலேயே உருவாக்கி, கன்னிப்பூவின் குறுகிய காலத்துக்குள் அறுப்புக்கு வருகிற ஒட்டு ரகத்தைத் திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் தரட்டும். நட்டுப் பார்க்க ஆளுண்டு. அது வருமுன் குளத்தின் கரையையும் ஏலாவின் எல்லையையும் வருவாய்த்துறை அளந்து கல் நடட்டும்.