துணிக்கடை வேலைக்குப் போகும் நம் பெண்கள்



ஆடித் தள்ளுபடி நெருங்கினால் போதும், நம் கிராமங்களுக்குள் ஆள் தேடி வந்துவிடுகிறார்கள். "மெட்ராஸ்ல துணிக்கடை வேலை. தங்க இடம், மூணு வேளை சாப்பாடு, மாசச் சம்பளம், தீபாவளிக்கு போனஸ்" என்கிறார்கள். பிளஸ் டூ முடித்த பெண் வீட்டில் சும்மாதானே இருக்கிறாள், குழுக் கடனுக்குத் தவணையாவது கட்டலாமே என்று அம்மா யோசிக்கிறார். அப்படி யோசிப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வேலை உடம்பையும் மனசையும் என்ன செய்யும் என்று ஆள் பிடிக்க வந்தவர் சொல்ல மாட்டார். அதனால் இந்த இதழில் நாம் பேசுகிறோம்.

சென்னை மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தாலே தி.நகர் ரங்கநாதன் தெரு. அந்தப் பக்கம் உஸ்மான் ரோடு, கொஞ்சம் தள்ளி பாண்டி பஜார். மயிலாப்பூர், அடையாறு பக்கமும் பெரிய பெரிய ஷோரூம்கள் இருக்கின்றன. மாடி மாடியாக நிற்கும் இந்தக் கடைகளில் புடவை எடுத்துப் போடும் பிள்ளைகளில் பலர் தென் மாவட்டத்துக் கிராமங்களில் இருந்து வந்தவர்கள். 2010ல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' படத்தை நம்மில் பலர் டி.வி.யில் பார்த்திருப்போம். அந்தப் படம் வந்த பிறகுதான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களைப் பற்றி ஊரே பேசியது.

நின்றுகொண்டே ஒரு நாள்

காலையில் கடை திறக்கும்போது நிற்க ஆரம்பித்தால் ராத்திரி அடைக்கும்வரை நிற்க வேண்டும். ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது என்று எழுதாத சட்டம் பல கடைகளில் நடந்து வந்திருக்கிறது. உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம்!

வயலில் நாற்று நடுகிறவர்கள் நாம், நமக்குத் தெரியாத கஷ்டமா என்று தோன்றலாம். நடவில் குனிகிறோம், நிமிர்கிறோம், நடக்கிறோம், வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறோம். ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது வேறு. காலுக்குப் போன ரத்தம் மேலே ஏறுவதற்கு கெண்டைக்கால் தசை அசைய வேண்டும். அசையாவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கும். முதலில் சாயங்காலம் கால் வீங்கும், பிறகு குதிகால் வலி, இடுப்பு வலி. வருஷக்கணக்கில் போனால் நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டு நீலமாகப் புடைக்கும். நரம்பு சுருட்டல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

வெளியே தெரியாத இன்னொரு தொல்லையும் உண்டு. பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அதுவும் இரண்டு மாடி தள்ளி இருக்கும். எதற்கு வம்பு என்று பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. அதனால் நீர்க்கடுப்பு, சிறுநீரில் கிருமித் தொற்று. மாதவிலக்கு நாட்களில் படும் பாடு சொல்லவே வேண்டாம்.

சிரித்த முகத்தின் விலை

கால் வலி கண்ணுக்குத் தெரியும். இந்த வேலையின் இன்னொரு பாரம் தெரியாது. கடைக்கு வந்தவர் வெறுங்கையோடு போகக் கூடாது, இன்றைக்கு இத்தனை ரூபாய்க்கு விற்றாக வேண்டும் என்று 'டார்கெட்' வைக்கிறார்கள். நாற்பது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "கலர் பிடிக்கலை" என்று ஒருவர் எழுந்து போவார். அத்தனையையும் மடித்து வைக்க வேண்டும். சிரித்துக்கொண்டே அடுத்தவரை "வாங்கக்கா" என்று கூப்பிட வேண்டும். விற்காமல் போனதற்கு எல்லார் முன்னாலும் திட்டு வேறு.

அமெரிக்காவில் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் என்ற சமூகவியல் பேராசிரியர் 1983லேயே இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொரு முகம் காட்டுவதும் உழைப்புதான், சம்பளத்துக்காக விற்கப்படும் உழைப்பு என்றார். அதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர். நாளெல்லாம் அதைச் செய்கிறவர்களுக்கு எதிலும் ஒட்டாத மனசு, தூக்கமின்மை, எரிச்சல், அழுகை எல்லாம் வரலாம். போனில் பேசும்போது "நல்லாருக்கேம்மா" என்று இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறாள் என்றால், 'பட்டணம் போனதும் கொழுப்பு வந்துடுச்சு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேசுவதற்கு அவளிடம் தெம்பு மிச்சம் இல்லாமல் இருக்கலாம்.

உட்காருவதற்கு ஒரு சட்டம்

இந்த நிலை மாறியதற்குப் பின்னால் ஒரு பெண்கள் குழுவின் கதை இருக்கிறது. கேரளாவில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்களுக்கு கழிப்பறையே கிடையாது. விஜி என்ற தையல் தொழிலாளி அந்தப் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்கார உரிமை கேட்டார்கள். திருச்சூரில் 2014-15ல் ஒரு துணிக்கடைப் பெண்கள் 100 நாளுக்கு மேல் உட்கார்ந்து போராடினார்கள். கடையில் உட்கார விடாதவர்கள் தெருவில் உட்கார்ந்தார்கள்! 2018ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது.

நம் தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. 1947ம் வருஷத்து கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவு சேர்ந்தது. வேலை செய்கிற எல்லாருக்கும் இருக்கை போட வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பதுதான் அது. ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். ஸ்டூல் போட்டால் மட்டும் போதுமா, உட்கார்ந்தால் முறைக்கிறார்களே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். பார்வையால் மிரட்டுவதைத் தடுக்க சட்டத்தில் வழி இல்லை. ஆனாலும் "சட்டம் இருக்குங்க" என்று சொல்ல இப்போது வாய் வரும்.

அனுப்பும் முன் கேளுங்கள்

நியமனக் கடிதம் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் அதைக் கொடுத்தாக வேண்டும். சம்பளம் எவ்வளவு என்பதோடு, சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் போக கையில் எவ்வளவு வரும் என்றும் கேளுங்கள். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான் கடைச் சட்டம் சொல்லும் வேலை நேரம். மிகுதி நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்.

லேட்டா வந்தா பைன், பேசினா பைன் என்று பிடிப்பவர்கள் உண்டு. ஒரு மாத அபராதம் எல்லாம் சேர்த்து சம்பளத்தில் 100 ரூபாய்க்கு 3 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதுவும் அவள் பக்கத்து நியாயத்தைக் கேட்ட பிறகுதான். விற்பனை குறைந்ததற்காக இஷ்டத்துக்குச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, கார்டு கொடுத்தார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். அவள் பங்கு 100 ரூபாய்க்கு 75 காசுதான். தி.நகரில் வேலை என்றால் கே.கே. நகரில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. காலைக் காட்ட லீவு கேட்டு பயந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை, நோய்க்கு என்று சம்பளத்தோடு வருஷத்துக்கு 12 நாள் வரை விடுப்பு இந்தச் சட்டத்திலேயே உண்டு.

தங்கும் விடுதியை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். பெண்கள் விடுதி நடத்த கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று 2014ம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழ் ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஜெராக்ஸ் போதும். அது அவர்கள் கையில் இருந்தால், வேலை பிடிக்காதபோது கிளம்பி வர முடியாமல் பிள்ளை மாட்டிக்கொள்ளும்.

யாராவது கையைப் பிடித்தால், தப்பாகப் பேசினால், 10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள கடையில் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான புகார்க் குழுவிடம் போகலாம். அவசரத்துக்கு 181 என்ற எண் எந்த நேரமும் கிடைக்கும். சம்பளம், வேலை நேரம், இருக்கை பற்றிய புகார்களுக்கு தொழிலாளர் உதவி ஆய்வர் இருக்கிறார். சென்னையில் தொழிலாளர் துறையின் தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது.

பொங்கலுக்குப் பிள்ளை ஊருக்கு வரும்போது, எவ்வளவு கொண்டு வந்தாய் என்று கேட்பதற்கு முன்னால் அவள் காலை நீட்டச் சொல்லிப் பாருங்கள். கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா, முட்டிக்குப் பின்னால் நரம்பு புடைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் தைலத்தோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ராத்திரி படுக்கும்போது காலுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்து உயர்த்திப் படுக்கட்டும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்தால், கடையில் நடப்பதை அவளாகவே சொல்ல ஆரம்பிப்பாள்.