‘நான் நானாக இல்லையே!’

பெங்களூர் சிவாஜி நகரிலிருந்து புறப்பட்ட பஸ். ஆபீஸ் முடிந்து வீடு திரும்பும் ஒரு குமாஸ்தா, கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நிற்கிறார். ஊரில் தாயாருக்கு உடல்நலம் இல்லை; மூன்று இரவாகத் தூக்கம் இல்லை. திடீரென்று, சுற்றி நடப்பதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நடப்பதுபோல் தோன்றுகிறது. கம்பியைப் பிடித்திருக்கும் கை வேறு யாருடைய கையோபோல் இருக்கிறது. கண்டக்டரிடம் பேசும் தன் குரலே அன்னியமாகக் கேட்கிறது.

“பைத்தியம் பிடிக்கிறதோ?” என்று நடுங்குகிறார். வீட்டில் சொல்லவும் வெட்கம்.

இப்படிப்பட்ட நிலை பலருக்கும் எப்போதாவது வருவதுதான். பிரெஞ்சு அறிஞர் லுடோவிக் டுகா 1898-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு ‘டிபர்சனலைசேஷன்’ என்று பெயர் கொடுத்தார். தன்னிலிருந்து தானே விலகி நிற்பதுபோன்ற உணர்வு என்று பொருள்.

‘போல’ என்ற சொல்

இது பைத்தியம் அல்ல. “கை என்னுடையது அல்ல” என்று அவர் நம்பவில்லை. “அல்லாததுபோல் இருக்கிறது” என்றுதான் சொல்கிறார். அந்தப் ‘போல’ என்ற சொல்லே அறிவு தெளிவாக இருப்பதற்கு அடையாளம்.

தூக்கக் குறைவு, கடும் கவலை, பதற்றம், விபத்து அதிர்ச்சி, கஞ்சா ஆகியவை இதைத் தூண்டும். மின்சாரம் மிஞ்சினால் பியூஸ் போவதுபோல, பாரம் தாங்காத மனம் உணர்ச்சியைத் தணித்துக்கொள்கிறது என்பது மருத்துவர்கள் கூறும் விளக்கம். “இன்னும் இருக்கிறதா?” என்று ஓயாமல் சோதித்துப் பார்த்தால் பயம் வளரும், உணர்வும் நீடிக்கும்.

என்ன செய்யலாம்?

பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றலாம். குளிர்ந்த நீரில் முகம் கழுவலாம். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரை மெல்லச் சொல்லலாம். இரவில் நன்றாகத் தூங்க வேண்டும். குடியும் கஞ்சாவும் கூடாது. நம்பிக்கையான ஒருவரிடம் சொன்னாலே பாதி பாரம் இறங்கும்.

நாள் கணக்கில் நீடித்தாலும், அடிக்கடி வந்து வேலையைக் கெடுத்தாலும் டாக்டரைப் பார்ப்பது அவசியம். மயக்கம், வலிப்பு, நினைவு தப்புதல், தற்கொலை எண்ணம் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பெங்களூரில் ஓசூர் ரோட்டில் ‘நிம்ஹான்ஸ்’ மனநல மருத்துவமனை உள்ளது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகலாக இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டியதில்லை. “என்னை நானே வெளியிலிருந்து பார்ப்பதுபோல் இருக்கிறது” என்றால் போதும். டாக்டர்களுக்கு அது புதிய செய்தி அல்ல.