திரையில் ஓர் உலகம் – 9: கூண்டுக்குப் பின்பக்கம்

'பிளானட் ஜூ'வைத் திறந்ததும் நம் கைக்கு வருவது வெறும் நிலம்தான். வேலி, பாறை, மரம், குளம், நடைபாதை எல்லாவற்றையும் நாம்தான் அமைக்க வேண்டும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிரண்டியர் நிறுவனம் 2019 நவம்பரில் வெளியிட்ட கணினி விளையாட்டு இது. நகரம் கட்டும் விளையாட்டுகளுக்கு நெருங்கிய சொந்தம் என்றாலும், இதற்குள் இருப்பது உயிர்கள் என்பதால் கணக்கே மாறிவிடுகிறது.

மும்பை மாஹிமில் அக்கா வீட்டில், அக்கா மகனுடைய கணினியில்தான் இதை முதலில் பார்த்தேன். அவன் வங்கப் புலிக்கு ஓர் அழகான இடம் கட்டியிருந்தான். நான்கு பக்கமும் கண்ணாடி, சுற்றிலும் கூட்டம். வசூல் நன்றாக ஏறிக்கொண்டிருந்தது. புலியின் நலத்தைக் காட்டும் அளவோ இறங்கிக்கொண்டே போனது.

"சாப்பாடு, தண்ணி எல்லாம் சரியா இருக்கு மாமா. ஆள்கள் பாக்குறதுதான் அதுக்குப் பிடிக்கல" என்றான்.

இந்த விளையாட்டின் உயிர்நாடியே இந்த இழுபறிதான். மக்கள் வருவது புலியைப் பார்க்க. புலி தேடுவது யாரும் பாராத மூலையை. ஒளிந்துகொள்ளப் புதர் வைத்தால் புலி நிம்மதியாகும், பார்வையாளர்கள் முணுமுணுப்பார்கள். வெளியிலிருந்து மட்டும் தெரியும் ஒருவழிக் கண்ணாடி போடலாம். அதற்குச் செலவு உண்டு. விலங்கை வாட விட்டால் வாசலுக்குள்ளேயே போராட்டக்காரர்கள் வந்து நிற்பார்கள். 2001இல் வந்த 'ஜூ டைகூன்' காலத்திலிருந்து இந்த வகை விளையாட்டுகள் உண்டு. ஆனால் விலங்கின் பக்கம் நின்று இவ்வளவு பிடிவாதமாகக் கணக்குக் கேட்கும் ஒன்றை நான் பார்த்ததில்லை.

இன்னொன்றும் என்னைக் கவர்ந்தது. பராமரிப்பாளர் அறை, மருத்துவர் கூடம், குளத்து நீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் இவையெல்லாம் பார்வையாளர் கண்ணில் பட்டால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆகவே பின்பக்கம் மறைத்துக் கட்ட வேண்டும். ஆனால் அங்கே ஒரு வேலை நின்றால், முன்பக்கம் முழுக்கப் படுத்துவிடும்.

இப்படியொரு பின்பக்கம் நிஜப் பூங்காக்களுக்கும் உண்டு. மாஹிமில் ரயிலேறி தாதரில் மாறினால் பைகுலா. 1862இல் விக்டோரியா தோட்டமாகத் திறக்கப்பட்டு, இன்று வீரமாதா ஜிஜாபாய் போஸ்லே உத்யான் என்ற பெயர் தாங்கி நிற்கும் அங்குள்ள உயிரியல் பூங்காவை மும்பைக்காரர்கள் ராணி பாக் என்றே சொல்கிறார்கள். அங்கே 2016 ஜூலையில் தென்கொரியாவின் சியோலிலிருந்து 8 ஹம்போல்ட் பென்குயின்கள் வந்தன. பெரு, சிலி நாடுகளின் கடலோரப் பறவைகள் அவை. அக்டோபரில் ஒன்று இறந்தது, ஊரே கொதித்தது. 2017 மார்ச்சில் அவற்றின் குளிர்ந்த அறையை மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். அதே ஆண்டு பெரியவர்களின் நுழைவுக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக ஏறியது. 2018 ஆகஸ்ட் 15 அன்று பிறந்த குஞ்சு சுமார் ஒரு வாரத்தில் இறந்தது. அந்தக் குளிர்ந்த அறையின் மின்சாரமும் நீரும் ஒருநாள்கூட நிற்கக் கூடாது. கட்டணம் ஏறியதைத் திட்டியவர்கள் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்ததில்லை.

விளையாட்டில் ஒவ்வொரு விலங்குக்கும் வம்சாவளி உண்டு. அண்ணன் தங்கையை இணைசேர்க்கப் போனால் எச்சரிக்கை வரும். மீறினால் குட்டிகள் நோஞ்சானாகும். சில இனங்களில் அபூர்வமாக வெள்ளைக் குட்டி பிறக்கும். அதற்காகவே பலர் வெறியோடு இனப்பெருக்கம் செய்கிறார்கள். அக்கா மகனுக்கும் அந்த ஆசை இருந்தது. அவனுக்கு மோகன் கதையைச் சொன்னேன்.

1951இல் ரேவா மகாராஜா மார்த்தாண்ட் சிங் பிடித்த வெள்ளைப் புலிக்குட்டிதான் மோகன். சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தபோது வெள்ளைக் குட்டிகள் பிறக்கவில்லை. பிறகு அதன் மகளான ராதாவோடு சேர்த்தார்கள். 1958இல் நான்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. உலகின் உயிரியல் பூங்காக்களில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. மாறுகண் அவற்றில் பரவலாக உண்டு. கூட்டம் சேர்க்கும் நிறத்துக்காக ஒரு குடும்பத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி இணைசேர்த்தது பெரிய கொடுமை என்பதே என் கருத்து.

குறை உண்டா? உண்டு. கட்டடக் கருவிகள் பழகும் வரை பொறுமையைச் சோதிக்கும். நல்ல கணினியும் வேண்டும். அதைவிட முக்கியமாக, விலங்கை நாம் கொண்டுவந்து வைத்தால்தான் உண்டு என்று இது நினைக்க வைக்கிறது. நிஜம் அப்படியில்லை. தாராவியை ஒட்டி, மிட்டி ஆற்றங்கரையில் இருக்கும் மாஹிம் இயற்கைப் பூங்கா ஒருகாலத்தில் நகரத்தின் குப்பைமேடு. மண் போட்டு, மரம் நட்டு, 1994இல் 37 ஏக்கர் காடாகத் திறந்தார்கள். பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் யாரும் பெட்டியில் கொண்டுவரவில்லை, தாமாக வந்தன. அந்த மாதிரி ஓர் இடத்தைக் கட்டுவதுதான் பெரிய சவால். அடுத்து வரும் விளையாட்டுகள் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும் பிள்ளைகளுக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். பிறகு ராணி பாக்குக்கோ வண்டலூருக்கோ அழைத்துப் போங்கள். கூண்டில் விலங்கு கண்ணில் படவில்லையென்றால் கண்ணாடியைத் தட்டாதீர்கள், கூச்சலிடாதீர்கள். அது ஒளிய இடம் வைத்தவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.